எல்லைச் சந்தையும் விளையாட்டுக் கருவியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றங்கரையைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஊர்களைத் தாண்டி வருவோமாயின், இஞ்சிவிளைக்கு அப்பால் களியக்காவிளை வந்துவிடுகிறது. சாலை ஒன்றே, இரு மருங்கிலும் நிற்கும் தென்னையும் இரப்பரும் ஒன்றே, மக்களின் உறவுமுறையும் ஒன்றே. ஆயினும் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழ் பேசும் மக்கள் பலர் வாழ்ந்த நெய்யாற்றங்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று முதல் பாறசாலைப் பகுதியில் அக்காள் வீடு ஒரு மாநிலத்திலும், தங்கை வீடு மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்துவிட்ட குடும்பங்கள் பல.

இத்தகைய எல்லைப்புறத்தில் வாழ்வோருக்குப் பொருளாதார நூல் ஒன்றையும் புரட்டாமலே சில உண்மைகள் விளங்கிவிடுகின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு விலைகள் இருக்கக்கூடும் என்பது அவற்றுள் ஒன்று. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, இரு மாநிலங்களும் தத்தம் விற்பனை வரியைத் தாமே வகுத்தன. வரி குறைந்த பக்கத்தில் பொருளை வாங்குவதும், அதனைக் கண்காணிக்கச் சோதனைச் சாவடிகள் நிற்பதும் அன்றாட நிகழ்ச்சிகளாக இருந்தன. பெட்ரோல் அப்புதிய வரியின்கீழ் வரவில்லை. ஆகவே எல்லைக்கு இப்பாலுள்ளவர் அப்பால் சென்று வண்டிக்கு எண்ணெய் நிரப்பி வருவது இன்னும் நின்றபாடில்லை. பிறிதோர் உண்மையும் அவர்கள் அறிவார்கள். ஒரு கடைக்காரர் ஏதேனும் ஒரு பொருளை வாங்கிய விலைக்கும் குறைத்து விற்பாராயின், வேறொரு பொருளில் அதனை ஈடுசெய்யக் கணக்கிட்டிருக்கிறார் என்பதே அது.

இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு, இன்று உலகப் பெருநிறுவனங்கள் சில நடத்திவரும் ஒரு வணிகப் போட்டியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவிகளைச் செய்வோரின் போட்டியே அது. சிறுவர் பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கத் தோன்றலாம். எனக்கும் முன்பு அவ்வாறே தோன்றியது. பாறசாலைக்கு அருகிலுள்ள என் தமக்கையின் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடல் என் எண்ணத்தை மாற்றியது.

என் தமக்கையின் கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். அவர்களுடைய மகன் தமிழ்வழியில் பயிலும் மாணவன். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் விளையாட்டுக் கருவி ஒன்று வாங்கித் தருவதாகத் தந்தை வாக்களித்திருந்தார். மகனும் தன் பங்கை நிறைவேற்றிவிட்டான். எந்தக் கருவியை வாங்குவது என்று ஆய்ந்து சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது ஊராரின் நம்பிக்கை!

விலைப்பட்டியலைப் பார்த்தேன். சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. வட்டு இடும் வாயில் உள்ள வகைக்கு 49,990 ரூபாயும், அவ்வாயில் இல்லாத வகைக்கு 39,990 ரூபாயும் அப்போது விலையாக இருந்தன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் வந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் என்ற கருவியின் விலையும் அதே 49,990 ரூபாய்தான். "வட்டு இல்லாத வகையையே வாங்கலாம், பத்தாயிரம் ரூபாய் மிச்சம்" என்று தமக்கையிடம் கூறினேன். மருமகன் உடனே மறுத்தான். "மாமா, வட்டு இல்லையென்றால் களியக்காவிளையில் இருக்கும் என் கூட்டுக்காரனுக்கு நான் எதைக் கொடுப்பேன்? அவனிடமிருந்து எதை வாங்குவேன்?" என்று கேட்டான். அந்தப் பத்தாயிரம் ரூபாய் எதற்கு விலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதனை விளக்க நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்க வேண்டும்.

1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட கருவி பெருவெற்றி பெற்றது. ஆனால் அக்கருவிக்கு விளையாட்டு எழுதுவோரைக் கட்டுப்படுத்த வழியில்லை. பற்பல நிறுவனங்கள் தரமற்ற விளையாட்டுகளை அவசரமாகச் செய்து கடைகளில் குவித்தன. 1983ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காமல் தேங்கிய சரக்கை அட்டாரி நிறுவனம் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஒரு குப்பைக் கிடங்கில் புதைத்தது; 2014ஆம் ஆண்டு அவ்விடத்தைத் தோண்டியபோது அவை வெளிப்பட்டன.

அட்டாரி வீழ்ந்த அதே 1983ஆம் ஆண்டில்தான் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் தன் கருவியை வெளியிட்டது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு அதனைக் கொண்டு சென்றபோது, அட்டாரியின் அழிவிலிருந்து கற்ற பாடத்தைக் கையாண்டது. கருவிக்குள்ளே ஒரு பூட்டுச் சில்லைப் பொருத்தியது. நின்டெண்டோவின் இசைவு பெற்ற விளையாட்டு மட்டுமே அதில் இயங்கும். இசைவு வேண்டுமாயின் கட்டணம் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு இத்தனை விளையாட்டுகள்தாம் வெளியிடலாம் என்ற வரம்புக்கும் உட்பட வேண்டும். தரமற்ற சரக்கு இதனால் தடுக்கப்பட்டது உண்மையே. ஆயின், சந்தைக்குள் நுழையும் ஒவ்வொருவரிடமும் சுங்கம் வாங்கும் சாவடி ஒன்றை ஒரு தனி நிறுவனம் தனக்காக அமைத்துக்கொண்டது என்பதும் உண்மை. அன்று முதல் இத்தொழிலின் வருவாய்க்கு அச்சாவடியே அடிப்படையாயிற்று. கருவியை அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்றாலும் பாதகமில்லை. விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் பங்கு வந்துகொண்டேயிருக்கும்.

ஜப்பானில் விற்ற முதற்கருவியில் இப்பூட்டுச் சில்லு இல்லை. அதனைப் பின்பற்றிக் கிழக்காசிய நாடுகளில் போலிக் கருவிகள் எளிதில் உருவாயின. நம் நாட்டில் 1990களில் 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' முதலிய பெயர்களில் விற்றவை அவ்வகையைச் சேர்ந்தவையே. 'டி.வி. கேம்' என்று நாம் அழைத்ததும், 'கேசட்' என்று மாற்றி மாற்றிச் செருகியதும் இவற்றைத்தாம். ஒரு கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று மேலே அச்சிட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் சில பத்து விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். மரியோவை நம் தலைமுறையினர் பலர் அறிந்தது உரிமை பெற்ற கருவியின் வழியாக அன்று. அதன் நிழலின் வழியாகவே. உரிமை பெற்ற கருவியோ எட்டாத உயரத்தில் இருந்தது. சேகா நிறுவனத்தின் கருவியை 1995ஆம் ஆண்டில் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்க முன்வந்தபோது அதன் விலை 18,000 ரூபாய். அந்நாளில் எல்லைப்புறக் குடும்பங்களில் எத்தனை பேர் அத்தொகையை ஒருசேரக் கண்டிருப்பார்கள்?

சேகாவின் கதை அறிந்துகொள்ளத் தக்கது. நின்டெண்டோ அரசு செலுத்திய அமெரிக்கச் சந்தையில் 1991ஆம் ஆண்டில் அது துணிந்து ஒரு காரியம் செய்தது. தன் கருவியின் விலையை 149 டாலராகக் குறைத்தது. அதனோடு தன் சிறந்த புது விளையாட்டாகிய சோனிக்கையும் விலையின்றிச் சேர்த்துக் கொடுத்தது. அமெரிக்கக் கிளையின் தலைவர் டாம் கலின்ஸ்கியின் இத்திட்டத்தை ஜப்பானியத் தலைமையகத்தில் பலர் எதிர்த்தனர். விளையாட்டு விற்று வர வேண்டிய இலாபத்தை இலவசமாக விட்டுவிடுவதா என்பது அவர்கள் வாதம். ஆயினும் கருவி வீடுகளுக்குள் புகுந்தபின் விளையாட்டுகள் தாமே பின்தொடர்ந்தன. சில ஆண்டுகள் சேகா நின்டெண்டோவுக்கு நிகராக நின்றது.

1995ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் அதே சேகா தவறியது. அடுத்த கருவியாகிய சாட்டர்ன், முன்னர் அறிவித்த நாளுக்குப் பல மாதங்கள் முன்பாகவே, 399 டாலர் விலையில் அன்றே கடைகளுக்கு வந்துவிட்டதாக அறிவித்தது. எதிரிகளைத் திகைக்கவைக்க எண்ணிய செயல் இது. திகைத்தவர்களோ, கருவி அனுப்பப்பெறாத கடைக்காரர்களும், விளையாட்டை எழுதி முடித்திராத நிறுவனங்களும் ஆவர். சீற்றமுற்ற வணிகர் சிலர் சேகாவின் சரக்கையே தங்கள் கடைகளில் வைக்க மறுத்தனர். அதன்பின் மேடையேறிய சோனியின் அலுவலர், பேச்சு ஒன்றும் நிகழ்த்தாமல், '299' என்ற எண்ணை மட்டும் கூறி இறங்கினார். அரங்கம் ஆரவாரித்தது. 2001ஆம் ஆண்டில் சேகா கருவி செய்யும் தொழிலையே கைவிட்டது. அன்று முதல் தன் பழைய எதிரிகளின் கருவிகளுக்கு விளையாட்டு எழுதி வருகிறது.

சோனி இத்தொழிலுக்கு வந்ததே ஓர் அவமதிப்பின் விளைவு எனலாம். நின்டெண்டோவுக்காகக் குறுவட்டுக் கருவி ஒன்றைச் செய்ய அது உடன்பட்டிருந்தது. 1991ஆம் ஆண்டில் சோனி அதனை அறிவித்த மறுநாளே, தான் பிலிப்ஸ் நிறுவனத்தோடு சேரப்போவதாக நின்டெண்டோ அறிவித்தது. சோனியின் பொறியியலாளர் கென் குத்தராகி முதலியோர் அம்முயற்சியைத் தனிக் கருவியாக வளர்த்தனர். 1994ஆம் ஆண்டு டிசம்பரில் பிளேஸ்டேஷன் பிறந்தது. குறுவட்டு அடிப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அதில் அடங்கும் செய்தியோ மிகுதி. அடுத்த கருவியிலும் பழைய கேசட்டையே பற்றிக்கொண்டிருந்த நின்டெண்டோவை விட்டு, விளையாட்டு எழுதுவோர் பலர் சோனியின் பக்கம் சாய்ந்தனர். 2000ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் கருவி உலகெங்கும் சுமார் 16 கோடி விற்றிருக்கிறது. அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த அக்கருவி, 2009ஆம் ஆண்டில் 99 டாலருக்கு இறங்கியது. காத்திருந்தவனுக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது அக்காலத்து விதி.

வென்றவனுக்குச் செருக்கு வருவதும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. 2006ஆம் ஆண்டில் சோனி தன் மூன்றாம் கருவியை 499, 599 டாலர் என்ற விலைகளில் கொண்டுவந்தது. அவ்வளவு விலை வைத்தும் தயாரிப்புச் செலவு அதனினும் மிகுதியாக இருந்ததால் நட்டம் நேர்ந்தது. ஓராண்டு முன்னரே வந்துவிட்ட மைக்ரோசாஃப்டின் கருவியோ, அவசரத்தின் பயனாக ஏராளமாகப் பழுதுபட்டது. அவற்றைச் செப்பனிட 2007ஆம் ஆண்டில் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. இருவரும் ஆற்றல் மிக்க கருவிக்காக இவ்வாறு போரிட்டுக்கொண்டிருக்கையில், நின்டெண்டோ வேறு வழியில் நடந்தது. ஆற்றல் குறைந்த, கையை அசைத்து ஆடத்தக்க 'வீ' என்ற கருவியை 249 டாலருக்கு விற்றது. அதுவரை விளையாட்டின் பக்கமே வராத தாய்மாரும் முதியோரும் அதனை வாங்கினர். 10 கோடிக்கும் மேல் விற்ற அக்கருவி, எதிரி நிற்கும் களத்தில் நிற்காமலே போரை வெல்லலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு.

இனி, என் மருமகனின் கேள்விக்கு வருவோம். 2013ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் தன் புதிய கருவியைப் பற்றி அறிவித்தபோது, கருவி நாள்தோறும் ஒருமுறையாவது இணையத்தோடு தொடர்பு கொள்ள வேண்டும் என்றும், ஒருவர் வாங்கிய விளையாட்டு வட்டைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் மறுவிற்பனை செய்வதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்றும் கூறியது. விலை 499 டாலர். அவ்வாண்டு ஜூன் மாதக் கண்காட்சியில் சோனி தன் கருவிக்கு 399 டாலர் என்று அறிவித்ததோடு, சிறு படம் ஒன்றையும் வெளியிட்டது. எங்கள் கருவியில் விளையாட்டைப் பகிர்ந்துகொள்வது எவ்வாறு என்பது அப்படத்தின் பொருள். ஒருவர் வட்டை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவே. மக்களின் எதிர்ப்பு ஓங்கவே, ஜூன் 19ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் அக்கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டது.

கைமாற்று என்பது நம் எல்லையோரச் சிற்றூர்களில் பழமையான வழக்கம். உழக்கு அரிசியும், உரலும், ஏணியும், பள்ளிப் புத்தகமும் கைமாற்றாகவே வீடு வீடாகச் சென்றிருக்கின்றன. அவ்வழக்கத்தின் பொருட்டு இரு பெருநிறுவனங்கள் உலக அரங்கில் மோதிக்கொண்டதையும், அதில் வாங்குவோரின் பக்கமே வென்றதையும் எண்ணும்போது மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால் அவ்வெற்றி நிலைத்ததா என்று கேட்க வேண்டும். 2013ஆம் ஆண்டில் ஆணையிட்டுப் பறிக்க முடியாத உரிமையை, 2019ஆம் ஆண்டிலிருந்து விலைகுறைத்து வாங்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். வட்டு வாயில் இல்லாத கருவியின் விலை குறைவு. அதனை வாங்கியவர் ஒவ்வொரு விளையாட்டையும் அந்நிறுவனத்தின் இணையக் கடையிலேயே வாங்கியாக வேண்டும். அங்கே வேறு கடை இல்லை, பேரம் இல்லை, பழைய பொருள் இல்லை, நண்பனுக்குக் கொடுக்கவும் வழியில்லை. அந்நாளில் புதிய விளையாட்டு ஒன்றின் விலை 4,999 ரூபாய் வரை சென்றது. இரண்டே விளையாட்டுகளைக் கைமாற்றிக்கொண்டால் அந்தப் பத்தாயிரம் ரூபாய் திரும்பிவிடுகிறது. மத்திய அரசின் கோப்புகளில் பல்லாண்டு உழன்ற நான் காணத் தவறிய இக்கணக்கை, பதினாறு வயதுச் சிறுவன் கண்டுவிட்டான்.

காத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய விதியும் மாறிவிட்டது. 49,990 ரூபாயாக இருந்த சோனியின் கருவி 2022ஆம் ஆண்டு நவம்பரில் 54,990 ரூபாயாக உயர்ந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ, மாதச் சந்தாவுக்குப் பல விளையாட்டுகளை ஆடத் தரும் முறையை 2017ஆம் ஆண்டில் தொடங்கியது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற பெரும் விளையாட்டு நிறுவனத்தைச் சுமார் 6,870 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. கருவியை விற்பதைவிட, விளையாட்டை எழுதுவோரையே உடைமையாக்கிக்கொள்வதும், வாங்குவோரை வாடகைக்காரராக்குவதும் இன்றைய வணிகத் தந்திரங்கள். சந்தா கட்டும் வரையில் வீடு நிறைய விளையாட்டு; கட்டத் தவறினால் வெறும் பெட்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கருவியை வாங்கி இயக்கியபோது, எந்த மொழியில் காட்ட வேண்டும் என்று அது கேட்டது. நீண்ட அப்பட்டியலை இருமுறை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன், தமிழ் இல்லை. எல்லைக்கு இப்பால் தமிழ்வழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதே ஒரு முயற்சியாக இருக்கும் ஊரில், இதனை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. நிறுவனங்கள் மொழியை அன்பினால் சேர்ப்பதில்லை. கேட்கும் குரலின் அளவைப் பார்த்தே சேர்க்கின்றன. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இக்கருவிகளை வாங்குகிறார்கள். வாங்கும்போது தமிழ் வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆகவே, இல்லத்தில் பிள்ளைகளுக்காக இக்கருவியை வாங்க எண்ணும் அன்பர்கள் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, கருவியின் விலையன்று, மூன்றாண்டுகளில் விளையாட்டுகளுக்கும் சந்தாவுக்கும் சேர்த்து ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு? இரண்டாவது, வாங்கிய விளையாட்டைப் பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ முடியுமா? மூன்றாவது, பிள்ளையின் நண்பர்கள் எந்தக் கருவியை வைத்திருக்கிறார்கள்? இம்மூன்றாவது கேள்வியை அற்பமென்று தள்ளிவிடலாகாது. நண்பன் வைத்திருக்கும் கருவியையே நாமும் வாங்குவோம் என்பதை நம்பித்தான் நிறுவனங்கள் முதற்கருவியை நட்டத்திற்கும் விற்கின்றன. அதே கூட்டு நமக்கும் பயன்படட்டுமே.

என் தமக்கை வீட்டில் வட்டு உள்ள கருவியே வந்து சேர்ந்தது. பாறசாலையில் இரண்டு வீடு, இஞ்சிவிளையில் ஒன்று, களியக்காவிளையில் ஒன்று என நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் வாங்கியதை மற்றவர் வாங்குவதில்லை. எந்த வட்டு எவர் வீட்டில் இருக்கிறது, எந்நாள் திரும்ப வேண்டும் என்பதற்குக் குறிப்பேடு ஒன்று உண்டு. அது என் தமக்கையின் பொறுப்பில், மளிகைக் கணக்கு நோட்டோடு சேர்ந்து இருக்கிறது. சென்ற விடுமுறையில் அதனைப் புரட்டிப் பார்த்தேன். தமிழில்தான் எழுதியிருந்தார்கள்.